பன்னிரண்டாம் பக்கம், கீழ் வலது கட்டம்

விசுவமடுச் சந்தியில் எங்கள் போட்டோக்கொப்பிக் கடை.
கலர்ப் பிரதி கட்டுப்படியாகாது,
அதனால் தயாளினியின் கதையில் இரத்தம் கறுப்பு.

மாதக் கடைசி ஞாயிறு
உடுப்புத் தொழிற்சாலை லீவில் வருவாள்.
விரல் நுனியில் ஊசி ஏறிய தழும்பு,
சீலைப் பையில் இருபத்திநாலு பக்கம்.
"டோனரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ அக்கா,
குடல் வடிவாத் தெரியேல்ல."

கதை இதுதான்:
ஒரு காய்ச்சல். மூன்றாம் நாள் நாக்கு நீலிக்கும்
(எங்களிடம் அதுவும் கறுப்பு).
நாலாம் நாள் செத்தது எழும்பி நடக்கும்.
கண்டவரையெல்லாம் கடிக்காது.
உயிரோடிருந்தபோது ஆரில் அதிகம் ஆசை வைத்ததோ
அவரைத் தேடித்தான் முதலில் போகும்,
பல்லால் கதவைத் திறந்துகொண்டு.
இரண்டாம் இதழில் ஒரு தாய்,
வேண்டாம், அதை நான் சொல்ல மாட்டேன்.
நல்லகாலம், மெஷினில் தாளைக் கவிழ்த்துத்தான் வைப்பது.
நாலாம் இதழில் ஊரில் மிஞ்சியது
வட்டிக்காரர் கனகசிங்கம் மட்டும்.
தன்னைக் கடிக்க ஒருவரும் வரவில்லையென்று
படலையைத் திறந்து வைத்துவிட்டு அழுகிறார்.

நூற்றிருபது பிரதி, ஒன்று நூற்றைம்பது ரூபாய்.
பள்ளிக்கூடப் பெடியள்
சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றே வாசித்து முடிப்பார்கள்.
"இந்தமுறை தலை வெட்டினது காணாது அக்கா."
எல்லாம் முடிந்தபிறகு பிறந்ததுகள்.
அதுகளுக்குப் பேய், பேய்தான்.

ஏழாம் இதழ் வந்த கிழமை
றெட்பானாப் பக்கமிருந்து ஒருவர்.
ஐம்பது வயதிருக்கும், பொயிலை வாசம்,
மகனிடம் பறித்த இதழ் கையில் சுருண்டிருந்தது.
ஏச்சு விழப்போகுதென்று
கல்குலேட்டரைத் துடைக்கத் தொடங்கினேன்.

நடுப்பக்கத்து வெட்டுக்கொத்தைத் தாண்டிப்போனார்,
கண்ணைத் தோண்டித் தின்னும் பக்கத்தையும்,
கரண்ட் பில்லின் பின்பக்கம்போல.
பன்னிரண்டாம் பக்கம், கீழ் வலது கட்டத்தில்
பெருவிரலை ஊன்றினார்.

அதில் ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு சைக்கிள், பாலை மரத்தில் சாத்தியபடி.
கரியரில் தையல் மெஷினின் தலை மட்டும்,
பழைய ட்யூபால் வரிந்து கட்டியிருக்கிறது.
இரண்டு சுற்று, பிறகு முடிச்சு,
முடிச்சின் ஒரு காது நீளம்.
தூரத்து மூலையில்
நாக்கைத் தொங்கவிட்டு ஒன்று வருகிறது.

"இதைக் கீறின பிள்ளைக்கு என்ன வயசு?"
முப்பது தாண்டியிருக்கும் என்றேன்.
காற்றில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தார்.
வரவில்லை. கையை மாற்றினார். வந்தது.
"இடக்கையால கட்டினாத்தான் இப்பிடி விழும்."
ஆர் இடக்கைக்காரர் என்று நான் கேட்கவில்லை.

"இந்தக் கட்டத்தை மட்டும் பெருப்பிச்சுத் தாங்கோ.
பின்னால வாறதை எடுத்துவிட ஏலுமோ?"
வெள்ளைத் தாளில் துண்டு வெட்டி மறைத்தேன்.
ஏ-மூன்றில் விழுந்தது: சைக்கிள், மரம், மெஷின்.
மறைத்த துண்டின் ஓரம் மட்டும்
மெல்லிய கோடாக, ஓர் ஆள் உயரத்துக்கு.
மூன்றுதரம் எடுத்தும் போகவில்லை.
"இருக்கட்டும்" என்றார்.
சுருட்டாமல், கண்ணாடித்தகடு கொண்டுபோவதுபோல்
இரு கையிலும் பிடித்துக்கொண்டு
வெயிலில் இறங்கினார்.

அடுத்த ஞாயிறு தயாளினியிடம் சொன்னேன்.
"ஓம்" என்றாள்.
பக்கங்களை எண்ணி முடித்தபிறகு,
"எந்தக் கை எண்டவர்?"
"இடது."
மேசையில் கிடந்த பேனையை
இடக்கைக்கு மாற்றி
கொஞ்சநேரம் ஒன்றும் கீறாமல் வைத்திருந்தாள்.

எட்டாம் இதழில் இருபத்தொரு சாவு.
ஒன்று நெல்லுக் குத்தும் மில்லுக்குள்; பெடியளுக்கு நல்ல புளுகம்.
ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில், கீழ் வலது கட்டம்
வெறும் வெள்ளை.
ஐந்துபேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள்,
மெஷின் பிழையாம்.

பிழைதான் என்றேன்.
காசைத் திருப்பிக் கொடுத்தேன்.